முதல் ஸ்கூட்டர்: நான்கு சக்கரமா, மூன்றா, மடக்கு வண்டியா?

மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கச் சிரமப்படுகிறவர் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி, வாங்கப் போன அன்று கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" இரண்டாவது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம்?" இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தது. வாங்கிவிட்டேன். நான்கு சக்கரம், அகலமான சீட், முன்னால் விளக்கு, இரண்டு பக்கமும் இண்டிகேட்டர், பார்க்கவே ராஜா மாதிரி இருந்தது வண்டி. வீட்டுக்கு வந்த அன்றே குட்டு வெளிப்பட்டது. லிஃப்டுக்குள் நேராக நுழைந்தது. மேலே போய் ரிவர்ஸில் வெளியே வந்ததும், வீட்டு வாசலை நோக்கித் திரும்ப வேண்டிய மூலையில் சிக்கிக்கொண்டது. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஏழெட்டு முறை ஆட்டியும் பம்பர் சுவரில் கோடு போட்டதுதான் மிச்சம். அன்று இரவு அது கீழே வண்டி நிறுத்துமிடத்தில் தூங்கியது. சார்ஜ் போடும் பிளக் மேலே, வண்டி கீழே.

நான்கு மாதம் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு விற்றேன். இப்போது ஓட்டுவது மூன்று சக்கர வண்டி, பாகம் பாகமாகக் கழற்றக்கூடியது. இடையில் ஒரு பயணத்துக்காக இன்னொருவரின் மடக்கு ஸ்கூட்டரையும் பத்து நாள் வைத்திருந்தேன். ஆக மூன்று வகையும் கைப்பழக்கம். எனக்கு முடக்குவாதம், முழங்காலோடு கைவிரல்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உங்கள் உடம்பு வேறாக இருக்கலாம், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: வண்டி எங்கே ஓடும் என்று பார்ப்பதற்கு முன் எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டும். ராத்திரி எங்கே நிற்கும், கார் டிக்கியில் எப்படி ஏறும், சாப்பாட்டு மேசைக்கு எவ்வளவு பக்கத்தில் வரும் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

முதலில், ஸ்கூட்டர்தானா?

ஸ்கூட்டருக்கும் மோட்டார் வைத்த சக்கர நாற்காலிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கடைக்குப் போன பிறகுதான் யோசிக்கிறார்கள். ஸ்கூட்டர் ஓட்ட மூன்று விஷயம் வேண்டும். முதுகை நிமிர்த்தித் தானாக உட்கார முடிய வேண்டும். கைகளை முன்னால் நீட்டி ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். எழுந்து இறங்கி, இரண்டு மூன்று அடியாவது நடக்கவோ அல்லது வேறு நாற்காலிக்கு மாறவோ முடிய வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மோட்டார் நாற்காலிதான் சரி. அதை ஒரு கையால் ஜாய்ஸ்டிக்கில் ஓட்டலாம், நின்ற இடத்திலேயே சுழலும், மேசைக்கு அடியில் கால் நுழையும், நாள் முழுக்க உட்காரத் தோதாக மெத்தையும் சாய்மானமும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கூட்டரில் மேசை பெரிய தொல்லை. ஹேண்டில் தண்டு முன்னால் நிற்பதால் மேசையை நெருங்க முடியாது. சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரலாம், ஆனால் அப்படிச் சாப்பிடுவது ரயில் ஜன்னலோரம் சாப்பிடுவது போல. மேசை வந்தால் நான் இறங்கி நாற்காலிக்கு மாறிவிடுவேன். கொஞ்சம் நடக்க முடிகிறவர், ஆனால் தூரம் முடியாதவர், இவருக்காகப் பிறந்த வண்டி இது. தொடக்கமே அப்படித்தான்: 1968-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீம் என்பவர் தன் குடும்பத்தில் மல்ட்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்த ஒருவருக்காக 'அமிகோ' என்ற வண்டியைச் செய்தார். கால் அடியோடு போகவில்லை, தூரம்தான் போய்விட்டது என்கிற நிலைக்கு ஒரு வழி.

யாராவது தள்ளும் சாதாரண சக்கர நாற்காலி? விலை குறைவு, எடை குறைவு, மடக்கி வைக்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் அதில் எங்கே நிற்பது என்று முடிவு செய்பவர் பின்னால் இருக்கிறார். ஒரு புடவையைப் பார்க்க நின்று திரும்புவதற்குள் அடுத்த கடை வாசலில் இருப்பேன். ஸ்கூட்டருக்கு மாறியதற்கு எனக்கு அதுவே போதுமான காரணம்.

மூன்றா, நான்கா

நான்கு சக்கரம் என்றால் பாதுகாப்பு, மூன்று என்றால் கவிழும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மூன்று சக்கர வண்டி வேகமாகத் திரும்பும்போதும், ஒரு பக்கமாகச் சாய்ந்த தரையில் போகும்போதும் சட்டென்று தள்ளாடும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் உடம்பின் எடை ஓரமாகச் சாய்ந்தால் தாங்க அந்த மூலையில் எதுவும் இல்லை. நடைபாதையின் விளிம்பில் குறுக்காக இறங்கினால் நான்கு சக்கரமும்கூட ஆபத்துதான், ஆனால் மூன்று சக்கரம் மன்னிக்கவே மன்னிக்காது.

அதே ஒற்றைச் சக்கரம்தான் அதன் பலமும். என் பழைய நான்கு சக்கர வண்டி முழு வட்டம் போட ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆரம் கேட்டது. இப்போதையது ஒரு மீட்டருக்குள் திரும்பிவிடும். காகிதத்தில் அரை மீட்டர் வித்தியாசம். மருந்துக் கடையின் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே அது உள்ளே போவதற்கும் வெளியே காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று, கால் வைக்கும் இடம். நான்கு சக்கர வண்டியில் முன் சக்கரங்களின் மட்கார்டு இரண்டு பக்கமும் மேடாக எழுந்து நிற்கும், பாதம் நடுவில் ஒடுங்கிக்கொள்ளும். முழங்காலை மடக்கச் சிரமப்படுகிறவருக்கு, காலை நீட்டி வைக்க மூன்று சக்கரத்தில் இடம் அதிகம். இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் முழங்காலே சொல்லியிருக்கும், நான் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

ஆகவே என் கணக்கு இப்படி. வெளியே போகும் பாதை மண்ணும் மேடும் பள்ளமுமாக இருந்தால், வண்டியை வீட்டுக்குள் கொண்டுவரத் தேவையே இல்லை என்றால், தரைத்தளத்திலேயே பூட்டும் பிளக்குமாக ஓர் இடம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நான்கு சக்கரம். அதில் பெரிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் சஸ்பென்ஷன் இருக்கும், அடிப்பாகம் தரையிலிருந்து உயரமாக நிற்கும், குலுக்கல் முதுகுக்கு அவ்வளவாக ஏறாது. லிஃப்ட், கடை, மருத்துவமனை வராண்டா, வீட்டு நடை என்று கட்டடத்துக்குள்தான் பாதி நேரம் என்றால் மூன்று. சமநிலை உணர்வு குறைந்தவர், ஒரு பக்கம் பலவீனமானவர் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் நான்குக்கே போகலாம், திரும்பும் இடம் குறைந்தாலும் பரவாயில்லை.

யார் தூக்குவது?

மடக்கு வண்டியின் விளம்பரப் படத்தில் ஒருவர் பெட்டியைப் போல அதை இழுத்துக்கொண்டு சிரித்தபடி நடப்பார். இழுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் டிக்கியின் விளிம்புக்கு அதைத் தூக்கியாக வேண்டும். மடக்கு ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது கிலோ. அந்த எடை ஒரே பொட்டலமாக உங்கள் முன்னால் நிற்கும். கழற்றும் வண்டியில் மொத்த எடை அதைவிட அதிகம், நாற்பது ஐம்பது கிலோகூட வரும். ஆனால் சீட் தனி, பேட்டரிப் பெட்டி தனி, முன்பாகம் தனி, மோட்டார் உள்ள பின்பாகம் தனி. வாங்கும்போது மொத்த எடையைக் கேட்காதீர்கள், "கழற்றினால் அதிக எடையுள்ள துண்டு எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். என் வண்டியில் பதினைந்து. மகளால் அதைத் தூக்க முடிகிறது. மடக்கு வண்டியை அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. எனக்கு இரண்டுமே முடியாது. அதனால் தனியாகக் காரில் போகும் திட்டம் இருக்கிறவருக்கு, டிக்கியில் பொருத்தும் மின்சாரத் தூக்கி ஒன்று இல்லாமல் எந்த வண்டியும் உதவாது. அந்தச் செலவையும் இடத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மடக்கு வண்டிக்கு இன்னொரு குறை, சீட். மெலிந்த மெத்தை, சாய்மானம் முதுகின் பாதிவரை, கைதாங்கி சிலவற்றில் இல்லவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சரி. பத்து நாள் பயணத்தின் முடிவில் என் இடுப்பு வேறு கதை சொன்னது. பயணத்துக்கு மட்டும் வேண்டும் என்றால் மடக்கு. தினசரிக்கு வேண்டாம் என்பேன்.

பெரிய வண்டிகள் நூறு கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கும் பேச்சே கிடையாது. சாய்பலகை வைத்து ஏற்றும் வேன் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டைச் சுற்றித்தான்.

பேட்டரி

பெரும்பாலான ஸ்கூட்டரில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட். சீல் செய்த ஈய-அமில வகை விலை குறைவு, கனமானது. சின்ன வண்டியின் 12 ஆம்பியர்-மணி ஜோடியே எட்டு கிலோ அளவுக்கு வரும். அதே திறனுள்ள லித்தியம் அதில் பாதிகூட இருக்காது. பேட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோய் சார்ஜ் போட வேண்டிய வீடு என்றால் இந்த ஒரு காரணத்துக்கே லித்தியத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். என் முதல் வண்டியின் பேட்டரிகளைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

பராமரிப்பிலும் இரண்டுக்கும் எதிரெதிர் குணம். ஈய-அமிலத்தைக் காலியாக விட்டு வைத்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து திறன் குறையும். ஓட்டிய அன்றே முழுதாக சார்ஜ் போட வேண்டும், ஓட்டாத மாதத்திலும் ஒரு முறை போட வேண்டும். லித்தியத்தைப் பல மாதம் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. ஒன்றின் சார்ஜரை இன்னொன்றுக்கு மாட்டவே கூடாது.

விமானப் பயணம் உண்டென்றால் ஒரு சின்னப் பெருக்கல். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று இருந்தால் 300 வாட்-மணி வரை, இரண்டு இருந்தால் ஒவ்வொன்றும் 160 வரை என்பது விமான நிறுவனங்கள் பின்பற்றும் சர்வதேச வரம்பு. கழற்றிய பேட்டரி கையோடு கேபினுக்கு வர வேண்டும், முன்கூட்டியே நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். தூரம் அதிகம் போகட்டும் என்று பெரிய பேட்டரி வாங்கினால் விமானத்தில் இடம் கிடைக்காது.

தூரத்தைப் பற்றி ஒரே வரி: விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் சமதரையில், மெலிந்த ஆளை வைத்து, புதுப் பேட்டரியில் எடுத்தது, அதில் பாதியை நம்பித் திட்டமிடுங்கள்.

டயரில் எனக்குத் தயக்கமே இல்லை. காற்றடைத்த டயர் மெத்தென்று போகும், பஞ்சர் ஆகும். கெட்டி ரப்பர் டயர் குலுக்கும், பஞ்சர் ஆகாது. வண்டியைத் தள்ள முடியாத ஒருத்திக்குக் குலுக்கலே மேல்.

கையும் மனசும் பழகுவது

எந்த வண்டி வாங்கினாலும் முதல் இரண்டு வாரம் லிவரோடுதான் போராட்டம். ஹேண்டிலுக்குக் கீழே ஒரு நீள லிவர். பெரும்பாலும் வலது பக்கம் அழுத்தினால் முன்னே, இடது பக்கம் அழுத்தினால் பின்னே. கையை எடுத்தால் வண்டி நிற்கும், மின்காந்த பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். கேட்க எளிது. ஆனால் நமக்கு ஆயுள் முழுக்க உள்ள பழக்கம், பயம் வந்தால் இறுக்கிப் பிடிப்பது. சைக்கிள் பிரேக்கும் அப்படித்தான், பேருந்துக் கம்பியும் அப்படித்தான். இங்கே இறுக்கினால் வேகம் கூடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்த ஒரு நாள் நான் இறுக்கினேன். நல்லவேளை, வேகக் குமிழ் ஆமைப் படத்தின் பக்கம் இருந்தது. முயல் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வாரம், ஆள் இல்லாத இடத்தில் மகள் திடீரென்று "விடு!" என்று கத்துவாள், நான் விரல்களை விரிப்பேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். கை கற்றுக்கொண்டது.

லிவரின் வடிவமும் தேர்வில் சேர்ந்ததுதான். கட்டைவிரலால் தள்ளுவது ஒரு வகை, நான்கு விரலால் இழுப்பது ஒரு வகை, சுற்றி வளைந்த ஹேண்டிலில் உள்ளங்கையைச் சாய்த்தே ஓட்டுவது இன்னொரு வகை. விரல் மூட்டு வீங்கியவருக்குக் கட்டைவிரல் லிவர் அரை மணியில் வலிக்கும். என் இரண்டாவது வண்டியை நான் தேர்ந்தெடுத்ததில் சக்கரத்துக்கு அடுத்த காரணம் இந்த வளைந்த ஹேண்டில்தான்.

அப்புறம், சாவி. முதல் மாதத்தில் ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றேன். சாவியை அணைக்கவில்லை. சீட்டைத் திருப்பாமல், வழக்கமான நாற்காலியிலிருந்து எழுவது போல ஹேண்டிலைப் பிடித்து எழுந்தேன். உள்ளங்கை லிவரில் விழுந்தது. வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்து செருப்பு அலமாரியில் முட்டியது, நான் சீட்டிலேயே விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு "அம்மா, சாவி" என்பது எங்கள் வீட்டில் ஒரு மந்திரமாகிவிட்டது. வரிசை இதுதான்: நிறுத்து, சாவியை எடு, சீட்டைத் திருப்பு, 'கிளிக்' என்று பூட்டிய சத்தம் கேள், சீட்டின் கைதாங்கியை ஊன்றி எழு. ஏறும்போது இதே வரிசை தலைகீழாக. தோளில் மாட்டிய பையின் வாரும் சட்டையின் தொளதொள கையும் லிவரில் சிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஒரு சின்ன லிவர் இருக்கும், வண்டியை நியூட்ரலுக்கு மாற்ற. அதைத் தட்டிவிட்டால் பிரேக் கிடையாது. சரிவில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது யாராவது உதவி செய்கிறேன் என்று அதைத் தொட்டால் வண்டி உருண்டுவிடும். உடன் வருபவர்கள் எல்லோருக்கும் அதைக் காட்டி, தொடாதீர்கள் என்று சொல்லி வைப்பது நல்லது.

வாசலில் படி இருந்தால் சாய்தளம் வேண்டும். பல நாடுகளின் கட்டட விதிகள் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவைச் சொல்கின்றன: 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். வீட்டில் முதலில் ஒரு மீட்டர் பலகை போட்டுப் பார்த்தோம். ஏறியது, ஆனால் பின்பக்கத்துச் சிறு சக்கரங்கள் தரையில் இடித்தன. வண்டி மல்லாக்க விழாமல் தடுக்க இருக்கும் சக்கரங்கள் அவை. நீளமான பலகை போட்ட பிறகு சரியாயிற்று. ஏறும்போது உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, நேராக ஏற வேண்டும். சரிவின் நடுவில் திரும்பவே கூடாது.

மனசு பழகுவதற்கு இரண்டு வாரம் போதவில்லை. கடையில் மேல் தட்டில் இருந்த பொருளை எடுக்க நான் எழுந்து நின்றபோது பக்கத்தில் இருந்தவர் முகத்தில் ஒரு கேள்வி வந்தது. நடக்க முடிகிறவளுக்கு எதற்கு வண்டி என்ற கேள்வி. பல நாள் அந்தப் பார்வைக்காகவே எழாமல் இருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். கண்ணாடி போட்டவரைப் பார்த்து, உனக்குத்தான் கொஞ்சம் தெரிகிறதே என்று யாரும் கேட்பதில்லை. நான்கு சக்கர வண்டியில் இந்தச் சங்கடம் அதிகம் என்பது என் அனுபவம். அது பெரிது, கூட்டத்தில் வழி விடச் சொல்லி நிற்கும். சின்ன வண்டி கண்ணில் அவ்வளவாக உறுத்துவதில்லை. கல்லாவில் இருப்பவர் என்னை விட்டுவிட்டு மகளிடம் "அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பது மட்டும் எந்த வண்டியிலும் மாறவில்லை. மகள் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வண்டி வந்ததால் நடையை நிறுத்திவிடாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்குள் நான் ஸ்கூட்டரில் ஏறுவதில்லை. வாசல்வரை கைத்தடி, அதற்கப்பால் வண்டி. நடையை எனக்குப் பிடித்த இடத்தில் செலவு செய்கிறேன், பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் தீர்த்துவிடுவதில்லை.

வாங்கப் போகிறவர் அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றுங்கள்: லிஃப்டின் உள் ஆழம், மிகக் குறுகலான கதவு, திரும்ப வேண்டிய மூலை, டிக்கியின் வாய், பிளக் இருக்கும் இடம். அளவுகளை எழுதிய தாளோடு கடைக்குப் போங்கள், காலையில் அல்ல, உடம்பு களைத்துப்போன சாயங்காலத்தில். கடையின் வழுவழுப்பான தரையில் ஒரு சுற்று போட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், வாசலுக்கு வெளியே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவார்களா என்றும் கேளுங்கள். இரண்டாவது முறை நான் அப்படிக் கேட்டேன். ஒருவர் வண்டியோடு வந்தார். லிஃப்டிலிருந்து ரிவர்ஸில் வந்து, அந்த மூலையில் ஒரே மூச்சில் திரும்பி, பழைய கீறலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. விலையைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசினோம்.